காயலான் கடைக்குப் போக இருந்த தண்ணி மிஷின் இன்சுலின் பெட்டி ஆனது!

காயலான் கடைக்குப் போக இருந்த ஒரு தண்ணி மிஷின், இன்று ஒரு டீச்சரம்மாவின் உயிர் மருந்தைக் காத்துக்கொண்டு இருக்கிறது.

இந்த வேலையைச் செய்து கொடுத்தவர், சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்தில் கடை வைத்து இருக்கும் மெக்கானிக். கடை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் ஒரு டியூப் லைட். மூன்று பேர் சேர்ந்து வந்தால் ஒருவர் தெருவில்தான் நிற்க வேண்டும்.

"பேரெல்லாம் போடாதீங்க சார். அப்புறம் ஊர்ல இருக்கிற தண்ணி மிஷின் எல்லாம் இங்கதான் வந்து நிக்கும்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்.

எனவே பெயர் இல்லை. வயது 50-ஐத் தாண்டியவர். டேப் ரிக்கார்டர் காலத்தில் இருந்து இந்தத் தெருவில் இருப்பவர். அது போதும்.

மூன்று நாள் இருட்டு

டீச்சரம்மா வேளச்சேரி பக்கம் முதல் மாடியில் குடி இருக்கிறார். ரிட்டயர் ஆனவர். மகன் வெளியூரில். வீட்டில் தனி ஆள். சர்க்கரை வியாதிக்காக காலையும் இரவும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார்.

2023-ம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் மிச்சாங் புயல் சென்னையைப் புரட்டி எடுத்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் எல்லாம் தெருவிலே படகு போயிற்று. பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. டீச்சரம்மா வீட்டில் மூன்று நாள் இருட்டு.

இன்வெர்ட்டர் இருந்தது. ஆனால் அதில் லைட்டும் பேனும்தான் ஓடும். பிரிட்ஜ் ஓடாது. நிறைய வீடுகளில் அப்படித்தான்.

"பிரிட்ஜுக்குள்ளே மூணு பாட்டில் மருந்து இருந்தது. ரெண்டாவது நாள் கதவைத் திறந்தா, உள்ளே வெதுவெதுன்னு இருக்கு. மருந்து கெட்டுப்போச்சா, நல்லா இருக்கா? பார்த்தா ஒண்ணும் தெரியலே. தண்ணி மாதிரியேதான் இருக்கு. பயத்துல மூணையும் தூக்கிப் போட்டுட்டேன். போட்ட பிறகுதான் உறைச்சது, ராத்திரி ஊசிக்கு மருந்து இல்லைன்னு!"

டீச்சரம்மா இதைச் சொல்லும்போது சிரிக்கிறார். அன்றைக்குச் சிரிப்பு வந்து இருக்காது.

கீழ் வீட்டுப் பையன் மறுநாள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய், மருந்துக்கடை ஒன்றைக் கண்டுபிடித்து வாங்கி வந்தான். அதுவரை மூன்று வேளை ஊசி தவறிப் போயிற்று. சர்க்கரை எகிறி, தலை சுற்றி, படுக்கையில் கிடந்தாராம்.

வெள்ளம் வடிந்த பிறகு டாக்டரிடம் போனார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எதுக்கும்மா தூக்கிப் போட்டீங்க?"

விஷயம் இதுதான். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் பெரும்பாலான வகைகள் 25 முதல் 30 டிகிரி வரை நாலு வாரம் அளவில் தாங்கும். வகைக்கு வகை கணக்கு மாறும். அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சடித்து இருப்பார்கள். புயல் சமயத்தில் சென்னையில் கடும் வெயில் இல்லை. மூன்று பாட்டிலும் நன்றாகவே இருந்து இருக்கும்!

"அப்போ பிரிட்ஜுக்குள்ளே எத்தனை டிகிரின்னு தெரிஞ்சு இருந்தா தூக்கிப் போட்டு இருக்க மாட்டேன்" என்கிறார் டீச்சரம்மா.

ஆனால் மே மாதம் கரண்ட் போனால்? 40 டிகிரி வெயிலில் அந்த மருந்து தாங்காது. அந்தப் பயம் அவரை விடவில்லை.

ஆட்டோவில் வந்த மிஷின்

புயலுக்குப் பிறகு அவர் வீட்டுத் தண்ணி மிஷினும் ஓடவில்லை. சுடுதண்ணி ஒரு குழாய், ஜில் தண்ணி ஒரு குழாய், தலையில் கேனைக் கவிழ்த்து வைக்கும் மேஜை மாடல். காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்டார். டீச்சரம்மாவுக்கு மனசு இல்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ரிச்சி தெருவுக்கு வந்துவிட்டார்.

மெக்கானிக் கையால் தூக்கிப் பார்த்தார். லேசாக இருந்தது. முகம் மலர்ந்து விட்டது.

"தூக்கும்போதே தெரியும் சார். கனமா இருந்தா உள்ளே கறுப்பு குண்டு, அதாவது கம்ப்ரசர் இருக்கு. லேசா இருந்தா தகடு. இது தகடு!"

பின் மூடியைக் கழற்றினார். கரண்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் சப்ளை போர்டு கருகி இருந்தது. பேனில் வருஷக்கணக்கான தூசி. மற்றது எல்லாம் நன்றாக இருந்தது.

"போர்டு மாத்தினா ஓடும் டீச்சரம்மா."

"ஜில்லுனு தண்ணி குடிக்க எனக்கு ஆசை இல்லே தம்பி. என் மருந்தை ஜில்லுனு வைக்க வழி இருக்கா? கரண்ட் இல்லாத நேரத்துல?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "பார்க்கலாம்" என்றார்.

அது என்ன தகடு?

நம் கையில் கொடுத்துக் காட்டினார். நாலு சென்டிமீட்டருக்கு நாலு சென்டிமீட்டர். பிஸ்கட் அளவுகூட இல்லை. கனம் நாலு மில்லிமீட்டர் இருக்கும். இரண்டு பக்கமும் வெள்ளைப் பீங்கான். ஓரத்தில் ஒரு சிவப்பு ஒயர், ஒரு கறுப்பு ஒயர். அவ்வளவுதான்!

இதற்குப் பெயர் பெல்டியர் தகடு. இரண்டு பீங்கானுக்கும் நடுவில் கடுகு கடுகாக 254 கட்டிகள் அடுக்கி இருக்கின்றன. பிஸ்மத், டெல்லூரியம் என்ற தனிமங்களின் கலவை. ஒரு விதக் கட்டியும் இன்னொரு விதக் கட்டியும் ஜோடி ஜோடியாக, மொத்தம் 127 ஜோடி. கரண்ட் பாய்ச்சினால் ஒரு பக்கத்துச் சூட்டை உறிஞ்சி மறுபக்கம் கொண்டுபோய்த் தள்ளும். ஒரு பக்கம் ஐஸ். மறுபக்கம் நெருப்பு. ஒயரை மாற்றிக் கொடுத்தால் ஐஸ் இருந்த பக்கம் சுடும்!

ஓடுகிற பாகம் எதுவும் இல்லை. கேஸ் இல்லை. சத்தம் இல்லை.

இதைக் கண்டுபிடித்த பெல்டியர் ஒரு பிரெஞ்சுக்காரர். கடிகாரத் தொழிலை விட்டுவிட்டு விஞ்ஞானத்துக்கு வந்தவர். 1834-ல் இரண்டு உலோகம் சேரும் இடத்தில் கரண்ட் பாய்ச்சினால் சூடும் குளிர்ச்சியும் உண்டாவதைக் கண்டார். 1838-ல் லென்ஸ் என்பவர் அதே முறையில் ஒரு சொட்டுத் தண்ணீரை உறைய வைத்துக் காட்டினார். பிறகு நூறு வருஷத்துக்கு மேல் யாருக்கும் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை. 1950-களில் நல்ல செமிகண்டக்டர் கலவை கிடைத்த பிறகுதான் தகடு மார்க்கெட்டுக்கு வந்தது.

2020-ல் கொரோனா டெஸ்டுக்கு வரிசையில் நின்றோமே, அந்த ஆர்.டி.பி.சி.ஆர். மிஷின்களில் பெரும்பாலானவற்றில் சூட்டையும் குளிர்ச்சியையும் மாற்றி மாற்றிக் கொடுத்தது இதே ஜாதித் தகடுதான். 2010-ஐ ஒட்டி கோத்ரெஜ் கம்பெனி 'சோட்டுகூல்' என்று ஒரு குட்டிப் பெட்டி கொண்டுவந்தது. 43 லிட்டர், எடை எட்டு கிலோவுக்கும் கீழே. கம்ப்ரசர் கிடையாது. 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். அதற்குள்ளும் இந்தச் சங்கதிதான்.

டீயில் சுற்றிய காத்தாடி

மெக்கானிக்கிடம் வேலை பழகும் பையன் ஒரு வித்தை காட்டினான். ஒரு அலுமினியத் தட்டில் ஐஸ். அதன் மேல் தகடு. தகட்டின் மேல் கொதிக்கக் கொதிக்க ஒரு டீ டம்ளர். ஒயரில் பொம்மைக் காரில் இருந்து பிடுங்கிய மோட்டார். அதன் நுனியில் காகிதக் காத்தாடி.

காத்தாடி சுற்ற ஆரம்பித்தது! பேட்டரி இல்லை, ப்ளக் இல்லை.

சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசமே கரண்ட்டாக மாறுகிறது. 1977-ல் அமெரிக்கா விட்ட வாயேஜர் விண்கலங்கள் கோள்களை எல்லாம் தாண்டி எங்கோ போயும் பல பத்து வருஷம் பேசிக்கொண்டு இருந்தது இந்தத் தத்துவத்தில்தான். அதில் சூடு கொடுப்பது புளூட்டோனியம். இங்கே டீ.

"அண்ணே, டீ ஆறிப்போச்சு" என்றான் பையன். இன்னொரு டீ சொன்னோம்.

கழற்றுவது எப்படி?

பழைய மிஷினில் இருந்து தகடு எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள் என்கிறார் மெக்கானிக்.

அவர் கூறியதாவது:-

"முதல்ல ப்ளக்கைப் பிடுங்கிட்டு பத்து நிமிஷம் சும்மா இருக்கணும். சப்ளை போர்டுல கெப்பாசிட்டர் இருக்கு. அதுல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும். தொட்டா தூக்கிப் போடும்.

"அப்புறம் ஸ்க்ரூவைக் கழட்டினா, ஒரு பக்கம் வரிவரியா அலுமினியக் கட்டை, ஹீட் சிங்க். அந்தப் பக்கம் தண்ணித் தொட்டி. நடுவுல தகடு. வெள்ளைப் பசை காய்ஞ்சு போய் ஒட்டிக்கிட்டு இருக்கும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினீங்க, பீங்கான் டப்புன்னு உடைஞ்சிடும். கொஞ்சம் சூடு காட்டி, மெதுவா திருகித் திருகி எடுக்கணும். அப்பளம் எடுக்கிற மாதிரி.

"தகடு உயிரோட இருக்கான்னு பார்க்க பெரிய கருவி வேணாம். மல்டிமீட்டரை மில்லி வோல்ட்டுல வெச்சு, தகட்டு மேல உள்ளங்கையை வைங்க. முள்ளு ஆடினா உயிர் இருக்கு. ஒரு டார்ச் செல்லைக் கொடுத்தா எந்தப் பக்கம் குளிருதுன்னு தெரியும். அந்தப் பக்கத்துல பேனாவால ஒரு புள்ளி வெச்சுக்கணும்.

"ஒண்ணு மட்டும் செய்யவே கூடாது. ஹீட் சிங்க் இல்லாம 12 வோல்ட் கொடுக்கக் கூடாது. சூடு போக வழி இல்லே. சில செகண்டுல உள்ளே ஈயப்பற்று உருகிடும். 138 டிகிரியில உருகுற ஈயம் சார் அது. புகைகூட வராது. சத்தம் போடாம செத்துடும்."

தகடு சாவதற்கு இன்னொரு காரணம் ஈரம். குளிர்ந்த பக்கத்தில் வியர்வை மாதிரி தண்ணீர் கோக்கும். அது இடுக்கில் புகுந்தால் கட்டிகள் அரித்துப் போகும். அதனால் ஓரம் முழுக்க சிலிகான் பசை பூச வேண்டுமாம்.

புதுத் தகடே இந்தத் தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று கேட்டோம்.

"தகடு மட்டும் இல்லே சார். அதோட அளவுக்குச் செஞ்ச ஹீட் சிங்க், பேன், அலுமினியக் கட்டை, எல்லாம் ஒண்ணாக் கிடைக்குது. தகட்டை விட ஹீட் சிங்க்தான் முக்கியம். சூட்டை வெளியே தள்ள முடியலேன்னா குளிர்ச்சி எங்க இருந்து வரும்?"

முதல் பெட்டி தோல்வி

மெக்கானிக் இதை மறைக்கவில்லை. முதலில் செய்த பெட்டி சொதப்பி விட்டது.

ஒரு தெர்மோகோல் பெட்டி. மூடியில் தகடு. உள்பக்கம் சின்ன அலுமினியக் கட்டை, வெளிப்பக்கம் ஹீட் சிங்க்கும் பேனும். 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தார். பரிசோதனைக்கு டீச்சரம்மா ஒரு பாட்டில் மருந்தை உள்ளே வைத்தார். ராத்திரி முழுக்க ஓடியது.

காலையில் திறந்தால் அலுமினியக் கட்டையில் உறைபனி. பாட்டில் அதில் ஒட்டிக்கொண்டு இருந்தது. உள்ளே மருந்து ஐஸ்!

உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. குப்பைக்குத்தான் போக வேண்டும். சூட்டில் கெடுவதைவிட இது சுலபமாகக் கெட்டுவிடுகிறது.

"நாலாவது பாட்டிலும் போச்சு தம்பி" என்றாராம் டீச்சரம்மா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தன்னைத் தூங்க விடவில்லை என்கிறார் மெக்கானிக்.

இரண்டாவது பெட்டி

அடுத்து தெர்மோஸ்டாட் போர்டு ஒன்று போட்டார். குளிர் போதும் என்றால் கரண்ட்டைத் துண்டிக்கும். சூடு ஏறினால் சேர்க்கும். பிரிட்ஜ் வேலை செய்வது அப்படித்தானே!

ஆனால் தகட்டிடம் ஒரு கெட்ட குணம். பிரிட்ஜ் நின்றால் குளிர்ச்சி உள்ளேயே இருக்கும். தகடு நின்றால், வெளியே ஹீட் சிங்க்கில் இருக்கும் சூடு அதே தகடு வழியாகத் திரும்பி உள்ளே வந்துவிடும். பேங்கில் போட்ட பணத்தைத் திருடனே திறந்து எடுப்பது மாதிரி. பெட்டிக்குள் டிகிரி ஏறி இறங்கி ஆட்டம் போட்டது.

ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஒரு வழி கிடைத்தது.

தகட்டை நிறுத்தவே கூடாது. ஆனால் மெதுவாக ஓட்டலாம். 12 வோல்ட்டில் ஓடினால் தகடு நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 50 வாட் போய்விடும். அதில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியே போகிறது. அதையே 5 வோல்ட்டுக்கு இறக்கினால் இரண்டு ஆம்பியர். வெறும் 10 வாட். குளிர்ச்சி குறையும்தான். ஆனால் செலவு செய்த கரண்ட்டுக்குக் கிடைக்கும் குளிர்ச்சி அதிகம்.

எனவே பெட்டி குளிரும் வரை 12 வோல்ட். குளிர்ந்த பிறகு 5 வோல்ட். மாற்றி விடுவது தெர்மோஸ்டாட் வேலை. அந்த 5 வோல்ட்டுக்கு ஒரு சின்ன இறக்கு போர்டு. 4 டிகிரிக்குக் கீழே போனால் அதையும் துண்டிக்க இன்னொரு காவல்.

தெர்மோகோல் சுவர் இரண்டு இஞ்சு கனம் ஆனது. உள்ளே இரண்டு சின்னத் தண்ணி பாட்டில், டிகிரி ஆட்டம் போடாமல் இருப்பதற்கு. மருந்து அலுமினியத்தில் படாமல் இருக்க, நடுவில் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. சோப்பு டப்பா டீச்சரம்மா வீட்டு சப்ளை.

எத்தனை மணி நேரம்?

இங்கேதான் மெக்கானிக் தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். நாமும் கூடவே போட்டுப் பார்த்தோம். சரியாகத்தான் வருகிறது.

மெதுவாக ஓடும்போது தகடும் பேனும் இறக்கு போர்டும் சேர்ந்து பேட்டரியில் இருந்து எடுப்பது சுமார் 1.2 ஆம்பியர். டீச்சரம்மா வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 150 ஆம்பியர் மணி. பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரிக்குக் கேடு. பாதி என்றால் 75. அதை 1.2 ஆல் வகுத்தால் 60 மணி நேரத்துக்குச் சற்று மேல்!

"மூணு நாளுக்குக் கொஞ்சம் கம்மி" என்று மெக்கானிக்கே சொல்லிவிட்டார். லைட்டும் பேனும் போட்டால் இன்னும் குறையும். டீச்சரம்மா, "லைட் வேண்டாம், மெழுகுவர்த்தி இருக்கு" என்று பதில் சொன்னாராம்.

நடுவில் ஒரு பியூஸ் கண்டிப்பாக வேண்டும். பேட்டரி ஒயர் உரசினால் வீடே பற்றிக்கொள்ளும்.

பிரிட்ஜோடு ஒப்பிட்டால் தகடு ஒரு ஊதாரி. ஒரே அளவு சூட்டை வெளியேற்ற பல மடங்கு கரண்ட் தின்னும். வீட்டுப் பிரிட்ஜ் அளவுக்கு இதில் செய்யப் பார்ப்பது வீண் வேலை. தகட்டை வைத்து ஏ.சி. செய்து தரச் சொல்லி வாரத்துக்கு ஒருவர் வருகிறாராம். திருப்பி அனுப்பி விடுகிறார். ஒரு சோப்பு டப்பாவைக் குளிர வைப்பதற்குத்தான் இது சரி.

அந்த 60 மணி நேரமும் போன பிறகு?

"மண்பானைதான் சார்" என்கிறார் மெக்கானிக். ஒரு பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, மேலே ஈரத் துணி. 8 டிகிரி எல்லாம் வராது. ஆனால் வெளியே இருக்கும் வெக்கையைவிட கணிசமாகக் குறையும். வறண்ட வெயிலில் நன்றாக வேலை செய்யும். கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் அவ்வளவு பலன் இல்லை. சென்னை அந்த விஷயத்தில் நமக்குச் சாதகமான ஊர் இல்லை.

கூலி எவ்வளவு?

தெர்மோஸ்டாட், இறக்கு போர்டு, பியூஸ், சிலிகான் பசைக்கு ஆன காசை மட்டும் வாங்கிக்கொண்டார். கூலி வாங்கவில்லை. உறைந்துபோன நாலாவது பாட்டிலுக்கு அது கழிந்தது என்கிறார். டீச்சரம்மா விடவில்லை. பையனுக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்து இருக்கிறார்.

பெட்டியின் முன்னால் சிவப்பு எழுத்தில் டிகிரி தெரிகிறது. வந்த முதல் வாரம் டீச்சரம்மா ராத்திரி எழுந்து எழுந்து அதைப் பார்த்தாராம். இன்றும் பிரிட்ஜ் ஒழுங்காக ஓடுகிறது. மருந்தில் பாதி பிரிட்ஜில், பாதி பெட்டியில். ஒன்று போனால் ஒன்று.

நாம் கிளம்பும்போது மெக்கானிக்கின் செல்போன் அடித்தது. மணி சாயங்காலம் ஆறு.

"சொல்லுங்க டீச்சரம்மா... சரி... சரிங்க. பேனுல தூசி இருந்தா பிரஷ்ஷால தட்டிடுங்க."

போனை வைத்துவிட்டு, சுவரில் மாட்டி இருந்த காலண்டரில் அன்றைய தேதிக்குப் பக்கத்தில் எழுதினார்: 6.8.

அந்த மாதத்துத் தேதி ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எண் இருந்தது.

"அண்ணே, அடுத்தது வந்தாச்சு" என்றான் பையன். சந்தின் முனையில் ஒருவர் தண்ணி மிஷினைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். மெக்கானிக் எழுந்து போய்த் தூக்கிப் பார்த்தார்.

"கனமா இருக்கு. கம்ப்ரசர். எதிர்க் கடைக்குப் போங்க."